ஒதில் சொன்ன உயரம்

ஒதிலுக்கு அந்த மணியைக் கண்டாலே எரிச்சல். மாட்டின் கழுத்தில் கட்டுகிற மணிதான். பித்தளை, தோல் பட்டையோடு, ஒரு சொம்பு அளவுக்கு இருக்கும். சாந்த்லேர் கிளைடர் கிளப் வருஷா வருஷம் ஜூலையில் ஆல்ப்ஸ் மலைக்குக் கிளம்பும்போது, கிளைடர்களை ஏற்றுகிறார்களோ இல்லையோ, முதலில் அந்த மணியைத்தான் எடுத்து வண்டியில் வைப்பார்கள். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத சின்ன விமானம். காற்று கைவிட்டால், கீழே எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே இறங்கியாக வேண்டும். அது பெரும்பாலும் மாடு மேய்கிற புல்வெளியாக இருக்கும். அப்படி இறங்கினவரை 'மாட்டிடம் போனவர்' என்பார்கள். அன்றைய சாப்பாட்டில் அவர் கழுத்தில் மணியைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகத்தான் உட்கார வேண்டும். குனிந்து சூப் ஊற்றுகிற போதெல்லாம் மணி டங்கென்று அடிக்கும். உடனே மேஜை முழுக்க 'ம்மா' என்று ஒரே கூச்சல். பேரன் பேத்தி எடுத்தவர்கள், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் பண்ணுகிற வேலை இது! வெட்கமே கிடையாது.

நாலு வருஷத்தில் மூன்று வருஷம் அந்த மணி ஒதில் கழுத்தில் ஏறியது. ஐம்பதை எட்டப் போகிற பெண், வாட்டசாட்டமான உடம்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி. மணியைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டேதான் பரிமாறுவாள். அறைக்குப் போனதும் புருஷன் பஸீலிடம் அத்தனை பேரையும் திட்டித் தீர்ப்பாள்.

அவள் ரயில்வே கேட் காவலாளியின் மகள். கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கோதுமை வயல், நடுவில் ஒரு கேட், கேட்டுக்கு மேலே வானம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வானத்தில் கிளைடர்கள் சத்தமில்லாமல் சுற்றும். பள்ளிக்கூடம் விட்டதும் என்ன செய்யப் போகிறாய் என்று அப்பா கேட்டபோது, வண்டி ஓட்டப் போகிறேன் என்றாள். அந்த வட்டாரத்தில் பஸ் ஓட்டிய முதல் பெண் அவள்தான். அவள் பஸ்ஸை ஷெட்டுக்குள் திருப்பும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு நாலு ஆம்பிளைகள் வாசலில் வந்து நிற்பார்கள், எங்கே உரசுகிறாள் பார்க்கலாம் என்று. அங்கேதான் அந்தப் பழக்கம் வந்தது. கேட்கிறவனுக்குச் சந்தேகம் வருவதற்கு முன்னாலேயே கூட்டிச் சொல்லிவிடுவாள். ஒரு சாண் இடம் இருந்தால் ஒரு முழம் என்பாள். டீசல் கால் தொட்டி இருந்தால் அரைத் தொட்டி என்பாள். அவள் சொன்னது ஒரு தடவையும் அவளைக் காட்டிக் கொடுத்ததில்லை, ஏனென்றால் ஓட்டுவதில் அவள் கெட்டிக்காரி.

பஸீல் அந்த ஊரில் முடிதிருத்துகிறவன். மெலிந்த மனிதன், மெதுவான பேச்சு. ஏணியில் ஏறிக் கடையின் பெயர்ப்பலகையைத் துடைக்கவே பயப்படுவான். அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் மேலே இருப்பேன், வேண்டுமானால் அங்கே வந்து பார்த்துக்கொள் என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவன் நிஜமாகவே வந்துவிட்டான். மற்றவர்கள் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொள்வதை அவன் ஆறு வருஷம் கற்றுக்கொண்டான். வாத்தியார்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கடைசியில் தனியாகப் பறக்கவும் செய்தான், ஆனால் எப்போதும் அவளுக்குப் பின்னால்தான். அவள் ஒரு மேகத்துக்குக் கீழே ஏறினால் அவனும் அங்கே வருவான். அவள் இங்கே வேண்டாம் என்றால் திரும்பிவிடுவான். வீட்டில் அவளைக் 'கோழி' என்று கூப்பிடுவான். ரேடியோவிலும் ஒரு நாள் வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டான். அதிலிருந்து கிளப் முழுக்கக் கோழியும் குஞ்சும் என்று பேர் வைத்துவிட்டது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் கேலியில் யாரும் அதை நினைத்துச் சொல்லவில்லை, ஒதிலுக்கு மட்டும் சில நாள் சுருக்கென்று குத்தும்.

இது நடந்தது எண்பத்தாறாம் வருஷம். காலையில் காப்பிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அந்த மணி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. வைத்தது அன்செல்ம், பயணத்துக்குத் தலைவர். எழுபதை நெருங்குகிறவர், ரிடையரான பத்திர எழுத்தர், தொண்டை மட்டும் முப்பது வயசுக்காரனுடையது. பாலிஷ் போட்டுத் துடைத்து வைத்திருப்பதாகவும், ஒதிலுக்கு அலர்ஜி வரக்கூடாதே என்ற அக்கறைதான் என்றும் சபைக்கு அறிவித்தார். ஒதில் மணியை எடுத்து அவர் கழுத்தருகே பிடித்து அளவு பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. இந்த வருஷம் நான் மாட்டுப் பக்கம் போகல, நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பஸீல் ரொட்டியில் வெண்ணெய் தடவி அவள் பக்கம் நகர்த்தினான். சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவள்தான்.

வானம் நன்றாகத் தெளிந்திருந்தது. இழுவை விமானம் ஒவ்வொருவரையும் கயிற்றில் கட்டி மேலே கொண்டுபோய் விட்டது. ஒதில் கயிற்றைக் கழற்றிவிட்டு வெயில் விழுகிற மலைச்சரிவை ஒட்டிப் போனாள். சூடேறின சரிவில் காற்று மேலே எழும்பும். அதில் நீந்துகிற மாதிரி, இறக்கை நுனிக்கும் பாறைக்கும் நடுவே ஒரு தெருவின் அகலம் விட்டுப் போக வேண்டும். கீழே ஏரி நீலத்தைவிடப் பச்சையாக இருந்தது. ஆட்டு மந்தை ஒன்று சரிவில் சோற்றுப் பருக்கைகள் சிதறிக் கிடக்கிற மாதிரி தெரிந்தது. தூரத்தில் பனி உருகாத சிகரங்கள். சமவெளியில் பிறந்தவளுக்கு ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் இதைப் பார்த்ததும், இதற்காக மணி என்ன, நுகத்தடியையே கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றும்.

அன்செல்ம் தன் இரட்டை இருக்கைக் கிளைடரில் எல்லோருக்கும் மேலே ஏரிக்கரை மலையின் தலைக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவ்வப்போது ரேடியோவில் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார். இடம், உயரம், ஏறுகிறாயா இறங்குகிறாயா, மூன்றையும் சொல்ல வேண்டும். ஒரே அலைவரிசை, எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள். உயரத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லாதவர் அந்தக் கிளப்பில் யாருமில்லை, அன்செல்மையும் சேர்த்துத்தான். ஆனால் ஏறுகிறேன் இறங்குகிறேன் என்பதில் யாரும் விளையாட மாட்டார்கள். பின்னால் வருகிறவன் அதைக் கேட்டுத்தான் வழியைத் தீர்மானிப்பான். விளையாடவும் முடியாது. ஒவ்வொரு கிளைடரிலும் வேரியோ என்று ஒரு கருவி உண்டு. ஏறினால் குருவி மாதிரி கீச் கீச்சென்று கத்தும், இறங்கினால் நாய் மாதிரி நீளமாக ஊளையிடும். பேசுகிற ஆளின் குரலுக்குப் பின்னால் அதுவும் ரேடியோவில் கேட்கும்.

அவள் ஓநாய்க் கணவாய்க்கு வந்தாள். கணவாயின் உயரம் இரண்டாயிரத்து முன்னூறு. தாண்ட வேண்டுமானால் கையில் இன்னும் முன்னூறு மீட்டர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டும், அது அன்செல்மின் சட்டம். காரணம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒர்ஸெல் பள்ளத்தாக்கு. குறுகலான இடம், இரண்டு பக்கமும் பைன் காடு. இறங்குவதற்கென்று இருப்பது ஒரே ஒரு தீவனப் புல்வெளி. அதுவும் சாய்வு, குறுக்கே மரம் இறக்குகிற இரும்புக் கயிறு வேறு. ஒதில் கையில் இருந்தது நூற்றிருபது. போதும் என்று நினைத்தாள். அந்தப் பக்கத்து மஞ்சள் பாறை இந்த நேரத்துக்கு வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும், போனதும் தூக்கிவிடும் என்று கணக்குப் போட்டாள்.

கணவாயைத் தாண்டிப் போனாள். பாறை தூக்கவில்லை. வேரியோ ஊளையிட்டது. ஒரு தடவை போய்த் திரும்பினாள், இன்னொரு தடவை. ஒன்றுமில்லை, செத்த காற்று. அந்த நேரம் பார்த்து அன்செல்மின் குரல் வந்தது: ஒதில், எங்கே இருக்கிறாய்? பின்னால் யாரோ வேறு குரலில் மெதுவாக 'டங், டங்' என்றார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது.

ஒதில் வேரியோவின் சத்தத்தைத் திருகிக் குறைத்தாள். முழுக்க, ஊளை கேட்காத அளவுக்கு. அப்புறம்தான் ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள்.

"மஞ்சள் பாறை. ரெண்டாயிரத்து அறுநூறு. ஏறுறேன்."

அவள் இருந்தது இரண்டாயிரத்து முன்னூற்றைம்பதில். இறங்கிக்கொண்டிருந்தாள்.

பொத்தானை விட்டதும் பாறையை உதறிவிட்டுப் பள்ளத்தாக்கின் உள்பக்கம் ஓடினாள். அங்கே ஒரு கல்லுச்சரிவு, கிண்ணம் மாதிரி குழிந்த இடம். உயரம் கரைந்துகொண்டே வந்து, கடைசி நேரத்தில், பைன் மரங்களின் நுனி தனித்தனியாகத் தெரிகிற கட்டத்தில், ஒரு இறக்கை துள்ளியது. திருப்பினாள். மெல்லிய காற்று, ஒரு வட்டம் போட்டால் பாதி வட்டம் ஏறும், பாதி வட்டம் நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அதிலேயே தொங்கினாள். மெல்ல மெல்ல மேலே வந்தாள். உயிரே போய் வந்த மாதிரி இருந்தது. சத்தத்தைத் திரும்பத் திருகி ஏற்றினாள். குருவி கத்தியது. இப்போது நிஜமாகவே ஏறுகிறேனே, ஒருத்தருக்கும் ஒரு நஷ்டமுமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் பஸீலின் குரல் கேட்டது. கணவாயைத் தாண்டிவிட்டானாம். அவள் சொன்ன பாறைக்கு வந்துகொண்டிருக்கிறானாம்.

அவன் கணவாய்க்கு முன்னாலேயே திரும்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன். அவள் ஏறுகிறேன் என்று சொன்னதைக் கேட்டுத்தான் தாண்டினான். திரும்பிப் போ என்றாள். முடியாது, கணவாய் இப்போதே என் தலைக்கு மேலே போய்விட்டது என்றான். பதற்றமே இல்லை அவன் குரலில். அவள்தான் அங்கே இருக்கிறாளே.

மூன்று கிலோமீட்டர் தள்ளி, மஞ்சள் பாறையின் முகத்தில், ஒரு வெள்ளைப் பூச்சி மாதிரி அவன் போய்த் திரும்புவது தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழே. பாறையை விட்டு இங்கே கல்லுச்சரிவுக்கு வா என்றாள். அவன் யோசித்து, உயரம் பத்தாது, வழியிலேயே மாட்டிக்கொள்வேன் என்றான். அது உண்மை. அப்படியானால் உடனே புல்வெளிக்குப் போ, இப்போதே போனால் சுற்றிவந்து இரும்புக் கயிறு எங்கே என்று பார்த்து இறங்கலாம் என்றாள். அதற்கும் அவன் அசையவில்லை.

"பதறாத, கோழி. நீ ஏறின எடம்தானே. காத்து மூச்சு வாங்குது, அவ்ளோதான். கொஞ்ச நேரத்துல திரும்பி வரும். நான் இங்கயே புடிச்சிட்டு இருக்கேன்."

கிளைடர்காரனின் புத்தி அது. ஏறுகாற்று விட்டு விட்டு வரும், ஒரு இடத்தில் ஒருத்தர் ஏறியிருந்தால் அந்த இடத்தை விட்டு நகராதே என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவன் அவள் பேச்சைக் கேட்காமல் இல்லை. அவள் முதலில் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒதில் போ போ என்று கத்தினாள். அன்செல்மும் நடுவில் வந்து, பாறையில் ஏறினாயா இல்லையா, எந்த மூலையில் ஏறினாய், அவனுக்கு இடத்தைச் சரியாகச் சொல் என்றார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஸீல் இன்னொரு தடவை போய்த் திரும்பினான். அவனுக்குக் கீழே இப்போது பாறை முடிந்து காடு ஆரம்பித்துவிட்டது.

அவள் தயங்கினாளா? தயங்கினாள். ஒரு வட்டம் முழுக்கத் தயங்கினாள். அந்த ஒரு வட்டத்தை அவள் சாகிறவரைக்கும் மறக்க மாட்டாள்.

"பஸீல், நான் பொய் சொன்னேன். அந்தப் பாறையில ஒண்ணுமே இல்ல. நான் ஏறல. எறங்கிட்டு இருந்தேன், சத்தத்தக் கொறச்சிட்டு ஏறுறேன்னு சொன்னேன். அங்க காத்து வராது. கெளம்பு, உன்னக் கெஞ்சிக் கேக்குறேன், கெளம்பு."

பஸீல் 'சரி' என்றான். அவ்வளவுதான். வெள்ளை இறக்கை பாறையிலிருந்து பிரிந்து பள்ளத்தாக்கின் நடுவுக்குத் திரும்பியது.

ஒதில் கல்லுச்சரிவை விட்டு அவனை நோக்கிப் போனாள். உயரம் போனால் போகட்டும். அவன் புல்வெளியை அடைந்தான், ஆனால் அடைந்தபோது சுற்றிப் பார்க்க உயரம் இல்லை. நேராக உள்ளே போக வேண்டியதாகிவிட்டது. அவன் திடீரென்று மூக்கைக் கீழே குத்துவதைப் பார்த்தாள். கயிற்றை அப்போதுதான் பார்த்திருக்கிறான். கயிற்றுக்கு அடியில் நுழைந்துவிட்டான், அவள் வாய்விட்டுக் கத்திவிட்டாள். அப்புறம் சாய்வான தரை அவனைத் தூக்கி அடித்தது. வலது இறக்கை புல் காயப்போடுகிற மரச்சட்டத்தில் மோதியது. கிளைடர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இத்தனையும் சத்தமே இல்லாமல் நடந்தது. மேலே அவளுக்கு வேரியோ மட்டும்தான் கேட்டது.

பஸீல், பஸீல் என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. கண்ணாடி மூடி திறக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அது திறக்கவில்லை. புல்வெளியின் ஓரத்திலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள், ஒருத்தி சிவப்புப் பாவாடை. ஒதில் இறக்கையின் பிரேக்கைத் திறந்தாள். நான் இறங்குகிறேன், அவன் பக்கத்தில் இறங்குகிறேன் என்று யாரிடமென்றில்லாமல் சொன்னாள். கிளைடர் கல் மாதிரி இறங்க ஆரம்பித்தது.

"ஒதில், பிரேக்க மூடு." அன்செல்ம் கத்தவில்லை. அவர் இவ்வளவு தணிந்து பேசி யாரும் கேட்டதில்லை. "அந்தப் பள்ளத்துக்குள்ள போயிட்டா உன் ரேடியோ யாருக்கும் கேக்காது. அவன் எங்க கெடக்கான்னு பாக்குறது நீ ஒருத்திதான். ஹெலிகாப்டருக்கு வழி சொல்ல நீ மேல இருக்கணும். எறங்கினா அவனும் போவான்."

அவள் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அது கிளப் முழுக்கக் கேட்டது. திட்டிக்கொண்டே பிரேக்கை மூடினாள்.

மூடிவிட்டால் ஆயிற்றா, உயரம் வேண்டுமே. பக்கத்தில் இருந்தது மஞ்சள் பாறைதான். வேறு வழியில்லாமல் அங்கே போனாள். போனதும் கிளைடர் ஒரு குலுக்கு குலுக்கி மேலே எழும்பியது. வேரியோ கீச்சிட்டது, கீச்சிடல் வேகமாகி, ஒரே சீழ்க்கை மாதிரி ஆகிவிட்டது. இருபது வருஷத்தில் அவளுக்கு அப்படி ஒரு ஏறுகாற்று கிடைத்ததில்லை. அதே பாறை! கொஞ்ச நேரம் முன்னால் செத்துக் கிடந்த அதே பாறை! அப்படியானால் பஸீல் சொன்னது சரிதானா? காற்று மூச்சு வாங்கித்தான் கொண்டிருந்ததா? பொய் சொல்லிக் கூட்டிவந்ததுமில்லாமல், உண்மையைச் சொல்லி அவனை அங்கேயிருந்து கிளப்பியும் விட்டேனா? இல்லை, இது வருவதற்குள் அவன் காட்டுக்குள் விழுந்திருப்பான், அவன் உயரத்தைக் கணக்குப் போட்டால் தெரியும். திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டாள். தான் போட்ட கணக்கைத் தானே நம்ப முடியவில்லை.

அழுதுகொண்டே ஏறினாள். விருப்பமில்லாதவளை அந்தக் காற்று தூக்கிக்கொண்டு போனது. புல்வெளி கைக்குட்டையாகி, தபால் தலையாகிவிட்டது. கிளைடர் ஒரு வெள்ளைக் கீறல். சிவப்புப் பாவாடை அந்தக் கீறலுக்குப் பக்கத்தில் அசையாமல் ஒரு புள்ளியாக இருந்தது. மண்டி போட்டிருக்கிறாள் போல. உயிரோடு இருக்கிறவனிடம்தான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தாள். ஜெபம் பண்ணுகிறவளும் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள் என்று அடுத்த நிமிஷம் நினைத்தாள். அன்செல்ம் கேட்க, அவள் சொன்னாள். அவர் அதைக் கீழே விமானத்திடலுக்குச் சொன்னார், அவர்கள் போலீசுக்குச் சொன்னார்கள். எந்தப் பள்ளத்தாக்கு, ஆற்றுக்கு எந்தக் கரை, கயிறு எங்கிருந்து எங்கே போகிறது, காற்று எந்தப் பக்கம். குரல் நடுங்காமல் எல்லாம் சொன்னாள். பஸ் ஓட்டினவளாயிற்றே.

ஹெலிகாப்டர் வந்தது, புல்லை எல்லாம் படுக்க வைத்து இறங்கியது, வெகுநேரம் இருந்தது, பிறகு எழும்பிப் போனது. உயிர் இருக்கிறது என்று ஹெலிகாப்டர்காரன் சொன்னதை அன்செல்ம் அவளுக்குத் திருப்பிச் சொன்னார். மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் தெரியுமாம்.

அவள் வந்து இறங்கியபோது விமானத்திடலில் எல்லோரும் நின்றார்கள், ஒருத்தரும் கிட்டே வரவில்லை. வந்தால் என்ன சொல்வது? அன்செல்ம்தான் காரை எடுத்தார். மலைச்சாலையின் வளைவுகளில் ரொம்ப தூரம் ஓட்டினார். கடைசியில் ஆறுதல் சொல்கிற நினைப்பில், எல்லாருந்தான் கூட்டிச் சொல்றோம் ஒதில் என்றார். அவருக்கும் மனசு உறுத்தியிருக்கும். காலையில் மணியைத் துடைத்து வைத்த கை அல்லவா.

"எல்லாரயும் நம்பி எல்லாரும் வரல," என்றாள் ஒதில். "என்ன நம்பி ஒருத்தன் வந்தான்."

அவர் கியரை மாற்றி அடுத்த வளைவில் காரைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர், சின்ன வயசுக்காரர், அவளை நிறுத்தி வைத்துப் பேசினார். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, முதுகெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். இடது காலில் உணர்ச்சி இருக்கிறது. வலது கால் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வீக்கம் வடிந்தால் உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், அடிக்கடி ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். நாள் முழுக்க நாற்காலியைச் சுற்றி நின்றே வேலை செய்கிற மனிதன் பஸீல்.

அறையில் அவன் கழுத்துப் பட்டையோடு மல்லாந்து கிடந்தான். தலையைத் திருப்ப முடியாது, கண் மட்டும் திரும்பியது. அவளைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. படுக்கை ஓரத்தில் முட்டி போட்டு, அவன் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மணிக்காக, ஒரு பித்தளை மணிக்காக இப்படிப் பண்ணிவிட்டேன், பொய்க்காரி நான், உன்னிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை என்று நீ நம்பினாயே என்று அழுது தீர்த்தாள். அவன் அவளை முழுக்க அழ விட்டான். மருந்தின் மயக்கத்தில் நாக்கு தடித்திருந்தது, ஆனால் சொன்னது தெளிவாக இருந்தது.

"யார் நம்பினா? நீ கூட்டிச் சொல்றது எனக்கு மொத வருஷமே தெரியும். இருபது வருஷமா நீ எது சொன்னாலும் இருநூறு கழிச்சிட்டுத்தான் பறக்குறேன். ஒரு நாளும் தப்பா வந்ததில்ல."

ஒதில் தலையைத் தூக்கினாள்.

"இன்னிக்கும் கழிச்சேன்," என்றான் பஸீல். "ரெண்டாயிரத்து அறுநூறுன்னே. நானூறுன்னு வெச்சுக்கிட்டேன். அது ஏறக்கொறைய சரியாத்தான் இருந்துருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ஆனா ஏறுறேன்னியே, கோழி. அதுல எதக் கழிக்கிறது?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. அவன் நிஜமாகவே யோசித்துக் கேட்டான், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்பது போல.

நர்ஸ் உள்ளே வந்தாள். கையில் நீளமான ஊசி. படுக்கையின் கால்மாட்டுக்குப் போய், போர்வையை விலக்கி, இடது பாதத்தில் குத்தித் தெரிகிறதா என்று கேட்டாள். தெரியுது என்றான். பிறகு வலது பக்கம் போர்வையை விலக்கினாள். ஒதில் அந்தக் காலையே பார்த்தாள். பஸீலுக்குக் கால் தெரியாது, கழுத்துப் பட்டை விடாது. அவனுக்குத் தெரிந்தது அவள் முகம் மட்டும்தான். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுது," என்றான். "நல்லாவே தெரியுது."

நர்ஸ் ஒதிலைப் பார்த்தாள். ஊசி இன்னும் குத்தவே இல்லை, நர்ஸ் கையில்தான் இருந்தது, பாதத்துக்கு ஒரு சாண் மேலே.